நெருக்கடி வந்தால் எந்தச் செலவில் கைவைப்பது? அரச பல்கலைக்கழக நிதிக்கிளைக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு

கேள்வி இதுதான்: "அரச பல்கலைக்கழகம் ஒன்றில் உதவி நிதியாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. 2022 மாதிரி ஒரு பொருளாதார நெருக்கடி திரும்பவும் வந்தால் எந்தச் செலவைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கவே கூடாது? அந்த நேரம் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நாங்கள் நன்றாகச் சமாளிக்கவில்லை. கதவை மூடாமல் தப்பினோம், அவ்வளவுதான். 2022இல் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக்கிளையில் இருந்தேன். அங்கே செய்த பிழைகளில்தான் கூடுதலாகப் படித்தேன், அதனால் அவற்றையே கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். வருட ஆரம்பத்தில் பேரவை, அதாவது பல்கலைக்கழகத்தின் ஆளும் சபை, அங்கீகரிக்கிற மதிப்பீடு ஒன்று, கையில் வருகிற காசு வேறொன்று. திறைசேரி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு மாதாமாதம் காசை விடுவிக்கும், ஆணைக்குழு எங்களுக்குப் பிரித்துத் தரும். நல்ல காலத்தில் இந்த இரண்டுக்கும் இடைவெளி சின்னது, யாரும் கவனிப்பதில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்த இடைவெளிதான் எங்கள் முழுநேர வேலை. புத்தகத்தில் ஒதுக்கீடு அப்படியே இருக்கும். வங்கிக் கணக்கில் சம்பளத்துக்கு மட்டும் இருக்கும். பீடாதிபதிகள் வந்து, "எங்கள் செலவுத் தலைப்பில் இன்னும் இருபது லட்சம் இருக்கிறதே" என்று கேட்பார்கள். இருக்கிறது, தாளில். அதை விளங்கப்படுத்தத் தெரியாமல் எத்தனை பேருடைய மனத்தாங்கலைச் சம்பாதித்தேன்!

இரண்டாவது விஷயம், வெட்டு என்பது எப்போதும் வெட்டு என்ற பெயரில் வராது. ஒதுக்கீட்டை ஒரு ரூபாகூடக் குறைக்காமலே பாதியாக்கலாம். விலைவாசி அதைச் செய்துவிடும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் எடுத்தால் 94.9 வீதம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: நூறு ரூபா பில் கிட்டத்தட்ட 290 ரூபா.

இதை ஒரு பல்கலைக்கழகத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். உதாரணக் கணக்குத்தான். மீண்டெழும் செலவுக்கு, அதாவது வருடாவருடம் திரும்ப வருகிற அன்றாடச் செலவுக்கு, நூறு ரூபா வருகிறது என்று வையுங்கள். நான் கண்ட எல்லா மதிப்பீட்டிலும் சம்பளமும் படிகளும் முக்காற்பங்கைத் தாண்டும், ஆகவே 78 ரூபா அதற்குப் போகட்டும். மின்சாரத்துக்கு 4. மிச்சம் 18 ரூபாவில்தான் ஆய்வுகூட இரசாயனம், கடதாசி, வாகனம், துப்புரவு, பாதுகாப்பு, திருத்தவேலை, நூலகச் சந்தா, பரீட்சை எல்லாம். நூறு ரூபா நூறாகவே இருக்கிறது, சம்பளத்தில் கைவைக்க முடியாது. மின்சாரம் 11.60 ஆகிவிட்டது. மிச்சம் 10.40. முன்பு 18 ரூபாவுக்கு வாங்கியதை இப்போது வாங்க 30 ரூபாவுக்கு மேல் வேண்டும். அதாவது யாரும் ஒரு சதமும் வெட்டாமலேயே, பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகமாக வைத்திருக்கிற பகுதி மூன்றிலொன்றாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கை உங்கள் நிறுவனத்தின் உண்மையான எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதிப் பேரவைக்குக் கொடுங்கள். "மொத்தச் செலவில் ஐந்து வீதம் குறைப்போம்" என்று மேசையைச் சுற்றி இலகுவாகப் பேசுகிறவர்கள், அந்த ஐந்தும் இந்த 18 ரூபாவிலிருந்துதான் வரவேண்டும் என்று கண்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சம்பளம் தொட முடியாதது என்றேன். மேலதிக நேரக் கொடுப்பனவைத் தொடலாம், எல்லாரும் முதலில் அதைத்தான் தொடுவார்கள், நாங்களும் தொட்டோம். ஆனால் தொடுவதற்கு முன் அதை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று பாருங்கள். எங்களிடம் நீர்ப்பம்பி இயக்குநருக்கும், விடுதிப் பாதுகாவலருக்கும், பரீட்சைக் கிளையில் சும்மா இரவு ஏழு மணி வரை இருந்த சிலருக்கும் ஒரே சுற்றறிக்கையில் ஒரே வீதத்தில் குறைத்தோம். நீதி மாதிரித் தெரிந்தது. இரண்டு மாதத்தில் விடுதியில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் திறக்க ஆளில்லை. எல்லாத் தலைப்பிலும் ஒரே வீதம் வெட்டுவது யோசிக்கச் சோம்பல்படுகிறவனின் வழி. அதைப் பிழை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது, அதுதான் அதன் கவர்ச்சி.

தண்ணீர் என்றதும் அந்தப் பம்பியின் கதை நினைவுக்கு வருகிறது. 2022 மே மாதம், பெண்கள் விடுதி ஒன்றின் கிணற்றுப் பம்பியில் சத்தம் வருகிறது என்று பராமரிப்புக் கிளை எழுதியது. பெயாரிங் மாற்ற, மோட்டரைச் சரிபார்க்க 85,000 ரூபா. திருத்தவேலைத் தலைப்பை அப்போது முடக்கி வைத்திருந்தோம். "அவசரமல்ல, அடுத்த காலாண்டில் பார்க்கலாம்" என்று கோப்பில் குறிப்பெழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். செப்டெம்பரில், பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மோட்டர் எரிந்தது. அதே மாதிரி மோட்டர் சந்தையில் இல்லை, இறக்குமதிக்கு வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க முடியாத காலம். பதினொரு நாள் பவுசரில் தண்ணீர் கொண்டுபோனோம். பவுசர் ஓடுவதும் டீசலில்தானே! கடைசியில் பழைய மோட்டர் ஒன்றைச் சுற்றி எடுத்துப் பொருத்தி முடிக்க, எல்லாமாக ஆறு லட்சத்துக்குக் கிட்ட. பணத்தை விடுங்கள், வாளியோடு வரிசையில் நின்று பரீட்சைக்குப் போன பிள்ளைகளுக்கு என்ன பதில்? அந்தக் குறிப்பின் நகல் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

ஆகவே என் முதல் விதி: சத்தம் போடாத செலவில் கைவைக்கும்போது இரண்டு தரம் யோசியுங்கள். சம்பளத்துக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒப்பந்தகாரர் இருக்கிறார். ஆய்வுகூடத்து அமிலப் போத்தலுக்கும் கூரைப் பீலிக்கும் யார் இருக்கிறார்கள்? அவை ஊர்வலம் போகாது. அதனால்தான் வெட்டு எப்போதும் அவற்றின் மேலேயே விழுகிறது.

டீசலையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 460. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டுக்கூட இருந்தது. மணிக்கு முப்பது லீற்றர் குடிக்கிற ஜெனரேட்டரை வேலை நேரத்தில் ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் பழைய விலையில் 18,150 ரூபா, புதிய விலையில் 69,000 ரூபா, ஒரே நாளுக்கு. அதுவும் டீசல் கிடைத்தால். அந்த நிலையில் எந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் என்று முடிவெடுக்க வேண்டும். நிர்வாகக் கட்டடத்துக் குளிரூட்டியா, நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்து ஆழ்குளிர்சாதனமா? பத்து வருடமாகச் சேர்த்த மாதிரிகள் ஓர் இரவில் கெட்டுப்போகும். இந்தப் பட்டியலை நெருக்கடி வருமுன் கல்வி விடயங்களை முடிவெடுக்கிற மூதவையில் வைத்து முடிவாக்கி வையுங்கள். வந்த பிறகு கேட்டால் யாருடைய குரல் பெரிதோ அவருடைய அறைக்குத்தான் மின்விசிறி சுழலும்.

பல வளாகங்கள் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அடி இன்னும் பலம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை எடுங்கள். தாய் வளாகம் திருநெல்வேலியில், விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில். இடையில் 60 கிலோமீற்றருக்கு மேல். இப்படி அமைந்த இடத்தில் போக்குவரத்துத் தலைப்பை 'வாகனச் செலவு' என்று பார்த்து வெட்டினால் விரிவுரையை வெட்டியதாகத்தான் அர்த்தம். நேர அட்டவணையைத் திருத்தி, ஒரு விரிவுரையாளரின் வகுப்புகளை வாரத்தில் இரண்டே நாளுக்குள் அடக்கினால் அதே டீசலில் இரட்டிப்பு வகுப்பு நடக்கும். இந்தச் சேமிப்பு நிதிக்கிளையில் இல்லை, நேர அட்டவணை போடுகிறவரின் மேசையில் இருக்கிறது. நீங்கள்தான் எழுந்து அவரிடம் போக வேண்டும்.

"எல்லாவற்றையும் இணையவழிக்கு மாற்றினால் செலவு மிச்சம்" என்று அப்போது பலர் சொன்னார்கள். 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் அப்படித்தான் மாற வேண்டியும் வந்தது. எங்கள் மின்சார பில் குறைந்தது உண்மை. ஆனால் அந்தச் செலவு மாணவரின் டேட்டா கார்ட்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

இனி கொள்முதல். விலை நாளுக்கு நாள் ஏறும்போது பெறுகை நடைமுறையே எதிரியாகிவிடும். மூன்று விலைமனு எடுக்க வேண்டும், குழு கூட வேண்டும், அங்கீகாரம் வேண்டும். வழமையாக ஒரு மாதம் செல்லுபடியான விலைமனு, மூன்று நாளுக்கு மட்டும் என்று அடியில் எழுதி வந்தது. எங்கள் குழு கூடுவது வியாழக்கிழமை. ஒரே பொருளுக்கு மூன்று தரம் விலைமனு கோரினோம், ஒவ்வொரு தரமும் குழு கூடும்போது அது காலாவதி. கடைசியில் குழுவை வேண்டிய நேரத்தில் கூட்டலாம் என்று துணைவேந்தரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். நடைமுறையைத் தாண்டாதீர்கள், வேகமாக்குங்கள். தாண்டினால் இரண்டு வருடம் கழித்துக் கணக்காய்வு வினா வரும், அதற்குப் பிறகு அரச நிறுவனங்களை விசாரிக்கிற நாடாளுமன்றக் கோப் குழு. அப்போது நெருக்கடியை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள்.

எங்களைக் காப்பாற்றியவர் களஞ்சியப் பொறுப்பாளர். ஜனவரியிலேயே, "சேர், விடைப்புத்தகத்துக்குக் கடதாசி இப்பவே எடுத்துப் போடுங்கோ, வாற மாசம் கிடையாது" என்று வந்து நின்றார். கடைக்காரர்களோடு பேசுகிற மனிதர், பொருளாதார அறிக்கைகளுக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருந்தது. எடுத்தோம். மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே கடதாசி இல்லாமல் தள்ளிப்போனபோது எங்கள் பரீட்சை நடந்தது.

மூலதனச் செலவில் என் கருத்துக் கொஞ்சம் கடுமையானது. நெருக்கடியில் திறைசேரி முதலில் நிறுத்துவது கட்டட வேலையைத்தான். புதிய கட்டடம் தொடங்காமல் விடுவதில் ஒரு நட்டமும் இல்லை. பாதியில் நிற்கிற கட்டடம்தான் நோய். கம்பி வெளியே நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், ஒப்பந்தகாரர் தாமதத்துக்கும் விலையேற்றத்துக்கும் கோரிக்கை வைப்பார், ஒப்பந்தத்தை முறித்தால் அதற்கும் கணக்கு வரும். கையில் ஐந்து வேலை அரைகுறையாக இருந்தால் கிடைக்கிற சொற்பக் காசை ஐந்துக்கும் பங்கிடாதீர்கள். ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கூரை போட்டுக் கதவு வைத்து முடியுங்கள். மற்ற நான்குக்கும் ஒப்பந்தகாரரோடு இருந்து பேசி, வேலை இடைநிறுத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். நான்கு பீடாதிபதிகள் உங்களோடு பேசமாட்டார்கள், பரவாயில்லை.

வருமானப் பக்கம் வருவோம். வெளிநாட்டு உதாரணங்களைக் காட்டி, "அங்கே சமாளித்தார்களே" என்பார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கலிபோர்னியா மாநிலம் தன் அரச பல்கலைக்கழகத்துக்கான நிதியில் 80 கோடி டொலருக்கு மேல் வெட்டியது. அவர்கள் 2009இல் ஊழியருக்குச் சம்பளமில்லா நாட்களைக் கொடுத்து 4 முதல் 10 வீதம் வரை சம்பளத்தைக் குறைத்தார்கள். சம்பளம் கூடியவருக்குக் கூடுதலாக வெட்டு, அது எனக்குப் பிடித்திருந்தது. அதே வருடம் நவம்பரில் மாணவர் கட்டணத்தை 32 வீதம் ஏற்றினார்கள், வருடக் கட்டணம் 10,000 டொலரைத் தாண்டியது. பெர்க்லியில் மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்து வைத்துப் போராடினார்கள். ஏற்றியதில் மூன்றிலொரு பங்கு வறிய மாணவரின் உதவிநிதிக்குத் திரும்பியது. எங்களுக்கு அந்தக் கட்டணக் குழாயே கிடையாது. கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி இது, இளமாணிப் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. இருக்கவும் கூடாது என்பது என் கட்சி. பட்டப்பின் படிப்பு, வெளிவாரிப் பட்டம், குறுங்காலப் பாடநெறி, ஆய்வுகூடப் பரிசோதனைச் சேவை, இவற்றில் வருவதுதான் சொந்த வருமானம். நெருக்கடியில் அதுவும் சுருங்கும், ஏனென்றால் பட்டப்பின் படிப்புக்குக் காசு கட்டுகிறவர் தானே சம்பளம் போதாமல் தவிக்கிற ஆசிரியரோ உத்தியோகத்தரோதான்.

கலிபோர்னியாவிடம் இன்னொன்று படிக்கலாம், எச்சரிக்கையாக. அவர்களுடைய ஓய்வூதிய நிதி நிறைந்து வழிகிறது என்று 1990இல் ஊழியரும் நிறுவனமும் பங்களிப்புக் கட்டுவதை நிறுத்தினார்கள். இருபது வருடம் யாரும் கட்டவில்லை. 2010இல், கையில் காசே இல்லாத நேரத்தில், திரும்பக் கட்டத் தொடங்க வேண்டி வந்தது. எங்கள் ஆண்டறிக்கையின் பொறுப்புகள் பக்கத்திலும் பணிக்கொடை என்று, ஊழியர் விலகும்போது கொடுக்க வேண்டிய ஒரு தொகை இருக்கும், பாருங்கள். அதற்கு எதிரே உண்மையில் ஏதாவது வைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைப்பு என்றால், 2022 பிற்பகுதியில் திறைசேரி உண்டியல் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. நிதியங்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் திடீரென்று நல்ல வட்டி. சிலர் அதை வருமானம் என்று எண்ணிச் செலவழிக்க வெளிக்கிட்டார்கள். பணவீக்கம் எழுபதுக்குக் கிட்ட நிற்கும்போது முப்பது வட்டி வருமானமல்ல, உருகுகிற ஐஸ்கட்டியை உமிக்குள் வைப்பது மாதிரி. புலமைப்பரிசில் நிதியங்களின் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். பாதி வென்றேன்.

பழைய மாணவர், குறிப்பாகக் கனடா, லண்டன், ஒஸ்ரேலியாவில் இருக்கிறவர்கள், உதவினார்கள். 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரத்தில் 360 ஆனதால் அவர்களின் நூறு டொலர் எங்களிடம் வந்து சேரும்போது பெருத்திருந்தது. ஆனால் நன்கொடையாளர்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய மண்டபத்தில்தான் ஆசை. இரசாயனப் போத்தலில் பெயர் எழுத முடியாதே. மண்டபம் வேண்டாம், ஒரு வருடத்துக்கு ஐம்பது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைப் பொறுப்பெடுங்கள் என்று கேட்டபோது சிலர் போனை வைத்துவிட்டார்கள். சிலர் மூன்று வருடம் தொடர்ந்து அனுப்பினார்கள்.

சாப்பாடு ஏன் நிதிக்கிளையின் கவலை என்று கேட்பீர்கள். மஹாபொல என்கிற மாணவர் புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா. உணவு விலை 94.9 வீதம் ஏறிய மாதத்தில் அது முந்தைய வருடத்து 2,565 ரூபாவுக்குச் சமம். அது 7,500 ஆனது 2025இல்தான். கன்ரீன் குத்தகைகாரர் வாடகையும் மின்கட்டணமும் கொடுக்க முடியாமல் விலையை ஏற்றுவார், பிள்ளைகள் மத்தியானம் பணிஸோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் குத்தகை வாடகையைப் பெயரளவுக்குக் குறைத்து, சோற்றுப் பார்சலின் விலையை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டோம். அதில் நாங்கள் இழந்த வருமானம் மிகச் சிறியது. நாங்கள் உருப்படியாகச் செய்த சிலவற்றில் அது ஒன்று.

ஆட்கள் போவதைத்தான் எங்களால் தடுக்க முடியவில்லை. 2023 ஜனவரியில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 6 முதல் 36 வீதம் வரை வரி வந்தது. பொருள்விலை இரட்டிப்பு, கையில் வருவது குறைவு. படிப்பு விடுமுறையில் போன இளம் விரிவுரையாளர்கள் திரும்பவில்லை. இதில் நிதிக்கிளைக்காரர் மட்டும் கவனித்த ஒரு நுணுக்கம் உண்டு. திரும்பாதவர், போகுமுன் கையெழுத்திட்ட பிணைமுறிப்படி பணம் கட்ட வேண்டும், ஆனால் அந்தத் தொகை ரூபாவில் எழுதப்பட்டது. நாற்பது லட்சம் என்றால் பழைய மாற்றுவீதத்தில் 20,000 டொலர், புதிய வீதத்தில் 11,000 சொச்சம். நாணயம் விழுந்தபோது பிணையும் பாதியாக விழுந்தது. எங்கள் கணக்கில் அந்த வருடம் பிணைப்பணம் நல்ல வரவாகத் தெரிந்தது. ஒரு கூட்டத்தில் ஒருவர் அதைப் பாராட்டவும் செய்தார். ஒரு துறையையே விற்று வந்த காசு என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

வெற்றிடங்களும் அப்படித்தான். ஆளணியில் நிரப்பாத பதவிகளைச் 'சேமிப்பு' என்று எழுதுவார்கள். அந்த வகுப்புகளை வருகைதரு விரிவுரையாளரைக் கொண்டு நடத்த வேறு தலைப்பில் செலவு போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கல்விசாரா ஊழியரின் குறையையும் அப்போதே கணக்கில் எடுங்கள். அவர்களின் கொடுப்பனவுப் பிரச்சினை ஆறிப்போகவில்லை, 2024 மே மாதம் வேலைநிறுத்தமாக வந்து இரண்டு மாதத்துக்கு மேல் பல்கலைக்கழகங்களை முடக்கியது. 2022இல் கட்டாத பில் அது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. மாதம் பிறந்ததும் ஒரே ஒரு தாள்: இந்த மாதம் உறுதியாக வரும் காசு, கட்டியே ஆகவேண்டியவை, கையில் நிற்கும் வவுச்சர்கள் எத்தனை நாள் பழையவை. தொண்ணூறு நாள் தாண்டிய சின்னக் கடைக்காரரின் பில்லை முதலில் தீருங்கள், பெரிய கம்பனி பொறுக்கும். சின்னக் கடைக்காரர் பொறுக்கமாட்டார், அடுத்த தடவை பொருள் தரவும்மாட்டார். அந்தத் தாளைத் துணைவேந்தருக்கு மட்டுமல்ல, பீடாதிபதிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் மாணவர் ஒன்றியத்துக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் ஐந்தாறு மாதம் ஒளித்து வைத்தோம், வதந்தி எங்கள் எண்களைவிடப் பெரிதாக வளர்ந்தது.

அதற்கு முன், இந்த வாரமே பராமரிப்புக் கிளைக்குப் போய் நிலுவையில் இருக்கிற திருத்தவேலைக் கோரிக்கைகளை வாங்கிப் பாருங்கள். ஒரு லட்சத்துக்குக் குறைந்தவற்றைத் தனியே பிரியுங்கள். அவற்றில் தண்ணீர், கூரை, மின்கம்பி சம்பந்தப்பட்டது எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.